சொன்னால் என்ன ஆகும், டீச்சர்?

பீடோர் சின்ன ஊர். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கோழிப் பிஸ்கட்டும் வாத்து மீயும் வாங்க வண்டியை நிறுத்துபவர்களுக்கு இது இரண்டு மூன்று கடைத்தெரு. இங்கேயே வாழ்பவர்களுக்கு அப்படியில்லை. ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னால் போதும், அதன் தாத்தா எந்தத் தோட்டத்தில் பால்மரம் சீவினார், மாமா யாருடைய லோரி ஓட்டுகிறார் என்பதுவரை காப்பிக்கடை மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆகவே, பத்தாங் பாடாங் மாவட்ட இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசனை ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில் என்னிடம் மனந்திறந்த எந்த மாணவரின் கதையையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயரையும் வயதையும் மாற்றினாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். அவர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் எழுதலாம்.

அதிகம் கேட்கப்பட்டது ஒன்றுதான். “சொன்னா என்ன ஆகும், டீச்சர்?” வீட்டில் பெல்ட்டால் அடிவாங்கிய பிள்ளையும் இதைக் கேட்டது. உறவினர் ஒருவரால் தொடப்பட்டு வருடக்கணக்கில் சரியாகத் தூங்காத பிள்ளையும் இதையே கேட்டது. என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்களா, அம்மா யாரை நம்புவார், தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது, பேப்பரில் பெயர் வருமா, எஸ்பிஎம் எழுத முடியுமா என்று அதற்குள் ஐந்தாறு கேள்விகள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பதில் தெரியாததால்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

“ஏன் அப்பவே சொல்லல?”

நடிகை குஷ்புவைத் தெரியாத வீடு நம்மிடையே இல்லை. 2023 மார்ச்சில், இந்தியாவின் தேசிய மகளிர் ஆணைய உறுப்பினராக நியமிக்கப்பட்ட சில நாட்களில், ஒரு மேடையில் அவர் தம் சிறுவயதைப் பற்றிப் பேசினார். எட்டு வயதில் தொடங்கித் தம் தந்தையாலேயே துன்புறுத்தப்பட்டதாகவும், எதிர்த்துப் பேசும் துணிவு 15 வயதில்தான் வந்ததாகவும் சொன்னார். அம்மா தம்மை நம்பமாட்டாரோ என்ற அச்சம் இருந்ததையும் மறைக்கவில்லை. எதிர்த்து நிற்க ஏழு ஆண்டுகள். அதைப் பொதுமேடையில் சொல்ல மேலும் 30க்கு மேற்பட்ட ஆண்டுகள். கோடிப் பேர் முகம் அறிந்த ஒருவருக்கே இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. படிவம் இரண்டு படிக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து “ஏன் அப்பவே சொல்லல?” என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

காரணம் தேட வெகுதூரம் போகவேண்டாம். துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் தெரியாத ஆள் இல்லை. வீட்டு வாடகை கட்டுகிறவர், பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர், கைப்பேசி வாங்கிக் கொடுத்தவர், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிறவர். பரிசு வாங்கிக்கொண்டோமே, நாமும் இதில் பங்காளிதானோ என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். “கத்தியிருக்கலாமே, ஓடியிருக்கலாமே” என்பார்கள். பேராபத்தில் உடல் உறைந்துபோவது மூளை தானாகச் செய்யும் வேலை. காரின் விளக்கு வெளிச்சத்தில் விலங்குகள் அசையாமல் நிற்கின்றனவே, அதுபோலத்தான். அதைச் சம்மதம் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

ஆண்பிள்ளைகளையும் இங்கே தனியாகச் சொல்லவேண்டும். “ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகப்போகுது” என்ற ஒரே வாக்கியத்தால் எத்தனையோ பையன்களின் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரும் அதன் பார்வையில் சிறார்தான்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வரும். “அடிக்கிறதெல்லாம் கேஸ் ஆகுமா, டீச்சர்? எல்லார் வீட்டிலும்தானே அடிக்கிறாங்க.” 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் உடற்காயம் என்றால் என்ன என்பதை விளக்கமாகவே எழுதி வைத்திருக்கிறது. கன்றிப்போன தோல், வெட்டு, சிராய்ப்பு, தழும்பு, எலும்பு முறிவு, சூட்டுக்காயம், நினைவு தப்புதல், முடியோ பல்லோ இழத்தல் என்று அந்தப் பட்டியல் நீளும். தற்செயலாக இல்லாமல் ஒருவர் கைவைத்ததால் இவை ஏற்பட்டிருந்தால் அது துன்புறுத்தலே. மனக்காயத்துக்கும் அங்கே இடமுண்டு. “அடிச்சு வளர்த்தாத்தான் உருப்படும்” என்பது எங்கள் தோட்டத்து லயத்தில் தினமும் காதில் விழுந்த பேச்சு. அச்சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

சொன்ன பிறகு

முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், இதை இரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று எந்த ஆசிரியரும் ஆலோசகரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மற்ற விஷயங்களில் ஆலோசகர்கள் இரகசியம் காக்கவேண்டும், அதற்கு 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்க 2017ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. இதை நான் மாணவர் பேசத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சிலர் எழுந்து போய்விட்டார்கள். அவர்களில் சிலர் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். ஏமாற்றிப் பேசவைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து. ஏற்கெனவே ஒருவரின் நம்பிக்கைத் துரோகத்தால் அடிபட்ட பிள்ளைக்கு இன்னொரு துரோகம் தேவையில்லை.

பிறகு? ஆசிரியரிடம் சொன்னால் பள்ளி நிர்வாகம் வழியாகச் சமூக நலத்துறைக்கோ காவல்துறைக்கோ தகவல் போகும். நம் மாவட்ட அலுவலகங்கள் தாப்பாவில் இருக்கின்றன. மலாயில் ‘பெலிண்டுங்’ எனப்படும் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் உங்களைச் சந்திப்பார். காயமோ பாலியல் துன்புறுத்தலோ இருந்தால் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கே அவசரப் பிரிவோடு இணைந்து ஓஎஸ்சிசி என்ற நெருக்கடி உதவி மையம் செயல்படுகிறது. பொது வரிசையில் எல்லார் முன்னிலையிலும் உட்காராமல் தனி அறையில் பரிசோதனையும், தேவையானால் காவல்துறைப் புகாரும் நடக்கும். யாரும் அழைத்துப் போகும்வரை காத்திருக்கவேண்டும் என்பதில்லை. புகார் கொடுத்த பின்தான் சிகிச்சை என்றும் இல்லை. பாலியல் வன்கொடுமை நடந்து மூன்று நாட்களுக்குள் போவது மிக முக்கியம். குளிக்காமல், உடையைத் துவைக்காமல் போனால் தடயம் கிடைக்கும். நோய்த்தொற்றைத் தடுக்கும் மருந்தும் அந்தக் காலத்துக்குள்தான் பலன் தரும். மூன்று நாட்கள் கடந்துவிட்டால் கதவு மூடிவிட்டது என்று நினைக்கவேண்டாம். எப்போது போனாலும் பார்ப்பார்கள்.

வீட்டில் இருப்பது ஆபத்து என்று அதிகாரி கருதினால் உங்களைத் தற்காலிகமாக அங்கிருந்து அழைத்துச் செல்லலாம். ஆனால் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்தவேண்டும். எங்கே இருப்பது என்பதை நீதிமன்றம்தான் முடிவுசெய்யும். எல்லாரும் பயப்படுவதுபோல விடுதிதான் ஒரே வழி என்று கிடையாது. தகுதியுள்ள பாட்டி, சித்தி, பெரியம்மா வீட்டிலும் வைக்கலாம். அப்படி ஒருவர் இருந்தால் அவர் பெயரை முதல் நாளே அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பேப்பரில் பெயர் வராது. பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக்கூடாது என்று சிறார் சட்டமே தடுக்கிறது. இந்த நாளிதழுக்கும் அது பொருந்தும். நீதிமன்றத்தில் அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசவேண்டுமா என்றால், 2007ஆம் ஆண்டின் சிறார் சாட்சிச் சட்டம் நடுவில் திரை வைக்கவும், வேறு அறையிலிருந்து காணொளி வழியாகப் பேசவும் வழி தருகிறது. “யாரும் பார்க்கலியே, சாட்சி இல்லியே” என்பது அடுத்த கவலை. வேறு சாட்சி இல்லாமல் பிள்ளையின் வாக்குமூலத்தை மட்டும் நம்பியும் நீதிமன்றம் தண்டனை தரலாம் என்கிறது 2017ஆம் ஆண்டின் சட்டம். பெற்றோர், உறவினர், ஆசிரியர், பயிற்றுநர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர் என்றால் தண்டனை கூடும்.

இந்த ஏற்பாடுகள் சும்மா வந்துவிடவில்லை. 1990இல் கோலாலம்பூரில் பாலசுந்தரம் என்ற இரண்டு வயதுத் தமிழ்க் குழந்தை சித்திரவதைக்கு ஆளாகி மருத்துவமனையில் இறந்தது. அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டு, 1991இல், சிறார் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பத்து ஆண்டுகள் கழித்து அதையும் வேறு சில சட்டங்களையும் ஒன்றாக்கித்தான் இப்போதுள்ள சிறார் சட்டம் வந்தது. நம் சட்டப் புத்தகத்தின் அந்தப் பக்கங்களுக்குப் பின்னால், தன் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத வயதில் போய்விட்ட ஒரு பிள்ளை இருக்கிறது.

எழுதியபடியே எல்லாம் நடக்கிறதா? இல்லை. வழக்கு இழுக்கும். ஒரே விஷயத்தைப் பல பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டி வரலாம். “குடும்ப மானம் போகுது, புகாரை மீட்டுக்கோ” என்று மாமன் மச்சான் எல்லாம் வந்து உட்காருவார்கள். எல்லாவற்றிலும் வலிப்பது, அம்மாவே நம்பாமல் போவது. முதலில் சொன்னவர் நம்பவில்லை என்றால் இரண்டாமவரிடம் சொல்லுங்கள், அவரும் கைவிரித்தால் மூன்றாமவரிடம் சொல்லுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். நம்பாதவர் ஒருவர் இருப்பதால் நடந்தது நடக்காமல் போகாது.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற கேலி

பாதுகாப்பு கிடைத்த மறுநாளே மனம் ஆறிவிடும் என்று பெரியவர்கள் எதிர்பார்ப்பார்கள். “அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன அழுகை?” முடிந்த பிறகுதான் பல பிள்ளைகளுக்குத் தொடங்குகிறது. ஆபத்து இருக்கும்வரை இறுக்கிப் பிடித்திருந்த உடல் அப்போதுதான் கையை விடுகிறது. இரவில் விழிப்பு, யாராவது பின்னால் வந்தால் தூக்கிப்போடுவது, குறிப்பிட்ட வாசனைத் தைலமோ சிகரெட் நாற்றமோ பட்டால் வாந்தி வருவது, பாடம் நடக்கும்போது அரை மணி நேரம் எங்கே போனோம் என்றே தெரியாமல் இருப்பது. புள்ளிகள் சரியும். “சோம்பேறி” என்று பெயர் கிடைக்கும். ஒரு நல்ல மாணவர் திடீரென்று சரிகிறார் என்றால், டியூஷன் சேர்ப்பதற்கு முன் என்ன நடந்தது என்று கேட்கும்படி என் சக ஆசிரியர்களிடம் கெஞ்சாத ஆண்டில்லை.

ஆனால் மனநல உதவி என்றதும் பேராக்கில் உடனே ஒரு ஊர்ப்பெயர் வந்து விழும். தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் இன்றைய பகாகியா உலு கிந்தா மருத்துவமனை. அந்த ஊரின் பெயரையே நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். ஆலோசகரைப் பார்க்கப் போகும் பிள்ளையை “என்ன, டிக்கெட் எடுத்தாச்சா?” என்று வகுப்பில் கேலி செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கால் முறிந்தவரை இப்படி யாரும் கேட்பதில்லை.

ஆலோசகரின் அறையில் என்னதான் நடக்கும்? முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டச் சொல்வார்கள் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நல்ல ஆலோசகர் அப்படிச் செய்யமாட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூல் இந்தத் துறையில் பலருக்கும் அடிப்படை. அவர் மீட்சியை மூன்று கட்டமாகப் பார்த்தார். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் நினைவுகூர்ந்து துக்கப்படுவது, அதற்குப் பிறகு மனிதர்களோடும் வாழ்க்கையோடும் மறுபடி சேர்வது. ஆகவே தொடக்க வாரங்களில் பேச்சு பெரும்பாலும் தூக்கம், சாப்பாடு, பயம் வரும்போது என்ன செய்வது என்பதைச் சுற்றியே இருக்கும். உதாரணத்துக்கு ஒரு எளிய பயிற்சி. நெஞ்சு படபடக்கும்போது கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள், தொட முடிந்த நான்கைத் தொடுங்கள், காதில் விழும் மூன்று ஓசைகளைக் கவனியுங்கள். பேருந்தில் உட்கார்ந்தும் செய்யலாம், பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது. அது நோயைக் குணப்படுத்தாது. “இப்போது அந்த அறையில் இல்லை, இங்கே இருக்கிறேன்” என்பதை உடலுக்கு நினைவூட்டும். முழுக்கதையையும் எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் கையில்.

“இப்படி ஒண்ணு நடந்துட்டா வாழ்க்கையே போச்சு” என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 40 வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். அங்கேயும் பல பெற்றோர் தோட்டத் தொழிலாளர்கள். நமக்கு ரப்பர், அவர்களுக்குக் கரும்பும் அன்னாசியும். வறுமை, சண்டை, குடி, பெற்றோரின் மனநோய் எனப் பல ஆபத்துகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல, நம்பத்தகுந்த மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட ஒன்று, தங்கள்மேல் உண்மையாகவே அக்கறை கொண்ட ஒரு பெரியவராவது இருந்தது. அது பெற்றோராக இருக்கவேண்டும் என்றில்லை. பாட்டியோ, அண்டைவீட்டாரோ, ஆசிரியரோ போதுமாக இருந்தது. மீதிப் பேருக்கு அது எளிதாக இருக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும். ஆனாலும் இளமையில் தடுமாறிய பலர் முப்பதுகளில் நிமிர்ந்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகைதான் நினைவுக்கு வந்தது. பெற்றோர் விடியற்காலையில் வேலைக்காட்டுக்குப் போனபின் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஆயாவுக்கு எந்தப் பிள்ளையின் முதுகில் என்ன தடம் என்பது தெரியும். லயத்துச் சுவர் மெல்லிசு, பக்கத்து வீட்டு அழுகையும் கேட்கும். கேட்டும் பேசாமல் இருந்தவர்களே அதிகம் என்பதால் அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை. என்றாலும் ஒரு கண் இருந்தது. தோட்டம் போய், தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு கதவைச் சாத்தினால் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு கண்ணாக இனி இருக்கவேண்டியவர்களில் நீங்களும் உண்டு. ஒரு பிள்ளை முதலில் சொல்வது பெரும்பாலும் தோழரிடம்தான். அப்படி ஒருவர் சொன்னால் துருவிக் கேட்காதீர்கள், “நான் நம்புறேன், உன் மேல தப்பில்ல” என்று சொல்லுங்கள், ஒரு பெரியவரிடம் கூடவே போங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்த ஆளை அடிக்கக் கூட்டம் சேர்க்காதீர்கள்.

தீபாவளிக்கு வருகிற அந்த ஆள்

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களிடமிருந்து வரும் கேள்வி வேறு. அவர்களுக்கு நடந்தது முடிந்து பத்து ஆண்டு ஆகியிருக்கும். விடுமுறைக்கு வீட்டுக்கு வருவார்கள். தீபாவளியன்று அந்த மனிதரும் முறுக்கு சாப்பிட வருவார். “பெரியப்பா கால்ல விழுந்து ஆசி வாங்கிக்க” என்பார்கள். விழாவிட்டால் “பட்டப்படிப்புப் படிச்சதும் திமிரு” என்பார்கள். விழுந்தால் அன்றிரவு தூக்கம் போகும்.

கோயிலிலும் குடும்பத்திலும் மன்னிப்பைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மன்னிப்பது நல்லதாக இருக்கலாம். அது பாதிக்கப்பட்டவரின் சொந்த விஷயம். அடுத்தவர் நாள் குறித்துக் கொடுக்க அது திருமணம் இல்லை. மன்னிக்காமலேயே நலமாகிப் பிள்ளைகுட்டியோடு வாழ்பவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காலில் விழவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. காரணம் சொல்லவேண்டிய கடமையும் இல்லை. அந்த மணி நேரத்தில் தோழி வீட்டுக்குப் போகலாம், அடுப்படியில் இருக்கலாம், “உடம்பு சரியில்ல” என்று அறைக்குள் படுத்துக்கொள்ளலாம். நம்பகமான ஓர் அக்காவிடமோ அத்தையிடமோ முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் உங்களை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிடுவார். சின்ன ஏற்பாடுதான். ஆனால் உங்கள் நாளை நீங்களே வகுத்துக்கொள்கிறீர்கள். சிறுவயதில் பறிபோனது அந்த உரிமைதானே.

18 வயதைக் கடந்தவர் புகார் செய்வதா வேண்டாமா என்று நிதானமாக யோசிக்கலாம். நம் நாட்டில் இத்தகைய குற்றங்களுக்கு வழக்குத் தொடரக் காலக்கெடு இல்லை. யோசிக்கும்போது ஒன்றை மட்டும் கணக்கில் எடுங்கள். அந்த ஆளின் அருகில் இன்று வேறு பிள்ளை இருக்கிறதா? இருந்தால் காத்திருப்பது சரியில்லை. உங்கள் கல்விக்கழகத்தில் ஆலோசனைப் பிரிவு இருக்கும், மாணவர்களுக்கு இலவசம். ஈப்போவில் இருப்பவர்கள் பேராக் விமன் ஃபார் விமன் சொசைட்டியை அணுகலாம். சிறார் பாலியல் துன்புறுத்தலுக்காகவே பெட்டாலிங் ஜெயாவில் பி.எஸ். த சில்ட்ரன் என்ற அமைப்பு இருக்கிறது.

அவசரத்துக்கு 999. தாலியான் காசே 15999 இரவு பகல் எந்நேரமும் எடுக்கும், வாட்ஸ்அப்பில் 019-2615999. பேச மட்டும் ஒருவர் வேண்டும் என்றால் பிஃபிரெண்டர்ஸ் 03-76272929, அதுவும் 24 மணி நேரம். சுகாதார அமைச்சின் ஹீல் 15555 காலை 8 முதல் நள்ளிரவு வரை.

கடைசியாக ஒரு சிக்கல். நம் பிள்ளைகள் படிக்கும் பல இடைநிலைப்பள்ளிகளில் ஆலோசனை ஆசிரியர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருப்பார். இந்த விஷயத்தை வீட்டில் தமிழிலேயே பேசிப் பழகாத பிள்ளைக்கு மலாயில் எங்கே வார்த்தை வரும்? என்னிடம் வேறு பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட சிலர் மாதக்கணக்கில் அந்த அறை வாசல்வரை போய்த் திரும்பியவர்கள். முழுவதும் சொல்லத் தேவையில்லை. ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தால் போதும்: “சிக்கு, சாயா பெர்லு பந்துவான். சாயா தாக் செலாமாட் டி ரூமா.” எனக்கு உதவி வேண்டும், வீட்டில் எனக்குப் பாதுகாப்பு இல்லை என்று அர்த்தம். தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்றும் கீழே எழுதலாம். கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.